பொய் சொல்லும் வளையம்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் பெண்கள் பல் தேய்த்த கையோடு குளியலறையிலுள்ள சோதனை வளையத்துக்குள் நின்று, தங்கள் மார்பை ஐந்நூறு அடுக்குகளாகச் சீவிப் பார்த்துக்கொள்வது வழக்கம். கத்தி கிடையாது, எல்லாம் ஒளிதான். பூமியில் ஒரு காலத்தில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அப்பளமாக நசுக்கிப் படமெடுத்தார்களாம். இப்போது முப்பரிமாணப் படம் காற்றிலேயே சுழலும். கட்டி இருந்தால் அந்த இடம் மட்டும் சிவக்கும்.

அன்று இளவெயினியின் படத்தில் கடுகளவு சிவந்தது.

"புற்றுநோயின் தொடக்கம். மகளிர் சிகிச்சைக் கூடத்துக்கு இன்றே வந்தால் முழுக்கக் குணமாகும்," என்றது வளையம்.

அவள் கணவன் கொற்றவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்னைவிட விவரம் தெரிந்த எதையும் அவனுக்குப் பிடிக்காது.

"கடுகாம் கடுகு! இப்படிக் கடுகைக் காட்டியே பொழப்ப ஓட்டறானுங்க. நீ போகக்கூடாது."

"செத்தா நான்தானே சாகப்போறேன்? நகருங்க."

"இருடி. இது பித்தலாட்டம்னு இப்பவே காட்டறேன்." சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வளையத்துக்குள் போய் நின்றான். "பாத்துக்கிட்டே இரு, ஆம்பளைக்கும் கட்டின்னு சொல்லும்."

படம் சுழன்றது. இடது காம்புக்குப் பின்னால் சுண்டைக்காய் அளவுக்குச் சிவந்தது.

"புற்றுநோய். உடனே வரவும்."

கொற்றவன் துள்ளிக் குதித்தான். "சொன்னேனா இல்லையா! ஆம்பளைக்கு எங்கடி வரும் மார்புப் புத்து?"

"அபூர்வமா ஆம்பளைங்களுக்கும் வரும்ங்க." இளவெயினியின் குரலில் இருந்த சூடு இறங்கியிருந்தது. "வாங்க, ரெண்டு பேரும் போயிடலாம்."

"பொம்பளைங்க வரிசைல நானா? என் மானத்த வாங்கவே பொறந்தியா? போடி!"

அவள் போனாள். அவன் தன் படத்தை உறவுக்காரர்கள் குழுவில் போட்டான்: 'ஆணுக்கே மார்பகப் புற்றாம்! வளையத்தின் மோசடி அம்பலம். உங்கள் வீட்டுப் பெண்களைக் காப்பாற்ற உடனே பகிருங்கள்.'

சிகிச்சை முடிந்து இளவெயினி வெளியே வருவதற்குள் செய்தி பூமிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வழியெங்கும் வீட்டுக்கு வீடு வளையங்களைப் பிடுங்கி வாசலில் வீசியிருந்தார்கள். குவியலில் அவள் வீட்டு வளையமும் கிடந்தது.

உள்ளே கொற்றவன் வெற்றிக் களிப்பில் வாழ்த்துகளைப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு கை இடது மார்பைத் தடவியபடியே இருந்தது.

"என்ன பண்ணுது?" என்றாள்.

"என்னமோ நெருடுது. சூட்டுக் கட்டியா இருக்கும்." கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "கொஞ்சம் வெந்தயம் ஊற வை. குழுவுல போட்டிருக்காங்க."