சேரல் மேலே வந்த நாள்

கிரேக்க நாட்டின் அமோர்கோஸ் தீவுக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் முதல் நாள் காலையில் செய்கிற வேலை, துறைமுகத்தில் வரிசையில் நின்று ஒரு குழாயில் மூச்சை ஊதிக் காட்டுவது. தோளில் துண்டு, தலையில் தொப்பி, மூக்கின் மேல் வெயிலுக்குப் பூசிய வெள்ளைக் களிம்பு. காது முதல் இதயம் வரை உடம்பு ஆழத்தைத் தாங்குமா என்று அந்தக் கருவி சொல்லிவிடும். பச்சை விளக்கு எரிந்தால் கடலில் மூழ்கலாம். சிவப்பு எரிந்தால் படகில் உட்கார்ந்து திராட்சை தின்னலாம்.

எனக்கு ஒவ்வோர் ஆண்டும் சிவப்புதான். சின்ன வயதில் கிழிந்த காதுச் சவ்வு எத்தனை முறை ஒட்டியும் நிற்கவில்லை. ஆழத்தின் அழுத்தத்தை அது தாங்காது. என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு எப்போதும் பச்சை. இந்த ஆண்டு அவர் ஊதியதும் சிவப்பு எரிந்தது. கருவி கெட்டுப்போச்சு என்று மறுபடி ஊதினார். மறுபடியும் சிவப்பு. மருத்துவர் அவர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, இதயம் பழுதாகிவிட்டது, இனி எந்தக் கடலிலும் இறங்கக் கூடாது என்றாள்.

"மாத்திரை தின்னுட்டு அடுத்த வருசம் வந்தா உடுவீங்களா?" என்று கேட்டார். காதில் மாட்டியிருந்த மொழிமாற்றி அதைக் கிரேக்கத்தில் சொன்னது. அவள் முடியாதென்று சொல்லி அவர் தோளைத் தொட்டாள்.

கடற்கரை, பாய்மரப் படகு, ஆழ்நீர் உலா என்றுதான் விளம்பரத்தில் போடுகிறார்கள். ஆனால் இங்கே மீன் பார்க்க யாரும் வருவதில்லை. பார்ப்பதற்கு மீன் இருந்தால்தானே. மத்தியதரைக் கடல் சூடேறி அடியில் இருந்த கடற்புல் செத்துப்போனபோது மீனும் போய்விட்டது. அந்தப் புல்லை மறுபடி நட வேண்டும். எந்திரம் நட்டது வேர் பிடிக்கவில்லை. மனிதக் கைதான் வேண்டும், அந்தக் கை நாள் முழுக்கத் தண்ணீருக்கு அடியிலேயே இருக்க வேண்டும். அதற்காகக் கண்டுபிடித்ததுதான் செவுள்மாற்று. கழுத்தின் இரண்டு பக்கமும் செவுள் வளர்த்து நுரையீரலை மூடிவிடுவார்கள். ஒருமுறை மாறினால் மாறியதுதான், திரும்ப வழி கிடையாது. அப்படி மாறியவர்களுக்குச் செவுளர் என்று பெயர். ஊதுவதற்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் செவுளர்களைப் பெற்றவர்கள் அல்லது கட்டிக்கொண்டவர்கள்.

எங்கள் சேரல் அப்படி மாறியவன். கோயம்புத்தூரில் பிறந்து, குளத்தைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத பிள்ளை. போகாதே என்று நான் பேசாமல் இருந்து பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். யாராவது நட்டுத்தானே ஆகணும் என்று போய்விட்டான். அதற்கப்புறம் அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. படம் எடுக்க வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வானாம். கழுத்தைப் பார்த்தால் அம்மா தாங்க மாட்டாள் என்று எழுத்துப் பலகையில் அவன் அப்பாவிடம் எழுதிக் காட்டியிருக்கிறான்.

ஆண்டுக்கொரு முறை அவர் மூழ்கிப் பார்த்துவிட்டு மேலே வந்து, "நல்லாருக்கான் அம்மிணி" என்பார். இளைத்திருக்கிறானா, முடி எப்படி இருக்கிறது, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்பேன். "நல்லாருக்கான்னு சொல்றனல்ல" என்பார். என் சேலை என்ன நிறம் என்றுகூடச் சொல்லத் தெரியாத மனிதர் அவர். அந்தக் கண்ணால்தான் இத்தனை ஆண்டும் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அதுவும் இல்லை.

படகை ஓட்டுபவள் ஸ்தமாத்தியா. வாய் கொஞ்சம் அதிகம். ஆனால் அவள் திட்டுவதுகூட மொழிமாற்றி வழியாக வரும்போது பட்டிமன்றப் பேச்சு போல இருக்கும். "பெரியவரே, தாங்கள் கம்பியின் மீது சாய்ந்தால் விழுந்துவிடுவீர்கள்" என்று அவள் அதட்டியதும் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாயை இறக்கி நங்கூரம் போட்டார்கள். மற்றவர்கள் காற்று உருளையை முதுகில் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். எங்களுக்காக ஒரு போர்ச்சுகீசியப் பெண் பலகையை எடுத்துப்போனாள். அதில் அவர் எழுதியிருந்தார்: 'எனக்கு நெஞ்சு சரியில்லை. இனி வர முடியாது. அம்மா மேலே இருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.'

"கடைசி வரி நான் எப்பவும் சொல்றதுதான். நீங்க வேற ஏதாச்சும் எழுதியிருக்கலாமுங்க" என்றேன்.

"என்னன்னு எழுதறது?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பலகையோடு போனவள் திரும்பி வருமுன் படகின் ஏணிக்குப் பக்கத்தில் தண்ணீர் கலங்கியது. ஒரு கை வந்து கடைசிப் படியைப் பிடித்தது. அப்புறம் தலை.

நான் எப்படி ஏணியில் இறங்கினேன் என்று தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் ஏணிப்படியில் நின்றுகொண்டு அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். வெயில் படாமல் வெளுத்துப் போயிருந்தான். புருவம் அதே புருவம். தாடையில் நான் பார்க்காத ஒரு தழும்பு. பேச அவனிடம் காற்று இல்லை. என் கையைத் தன் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தான். நாம் தண்ணீருக்குள் மூச்சை அடக்குகிற மாதிரி அவன் எனக்காக மேலே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"சாப்பிடறயா சாமி? என்னத்தத்தான் திங்கறயோ கீழ" என்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல் அதைத்தான் கேட்டேன். அவன் சிரித்தான். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது, சந்தோஷத்தில்தான்.

பிறகுதான் கழுத்தைப் பார்த்தேன். சிவந்து படபடத்துக்கொண்டிருந்த செவுள்கள் மெல்ல அடங்கின. மழையில் நனைந்த புத்தகத்தின் தாள்கள் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"போதுங் கண்ணு. உள்ள போ" என்றேன். அவன் தலையை ஆட்டினான், மாட்டேன் என்று. படியைப் பிடித்த கையை இன்னும் இறுக்கினான். சின்ன வயதிலும் அப்படித்தான், விளையாட்டை விட்டு வீட்டுக்கு வர மாட்டான்.

"அம்மையீர், அவரை உடனே நீரில் அமிழ்த்துங்கள்" என்றது காதில் இருந்த குரல். மேலே ஸ்தமாத்தியா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, அவன அனுப்பு" என்றார் அவர்.

படியிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தலையில் இரண்டு கையையும் வைத்து, என் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு, என் மகனைத் தண்ணீருக்குள் அமுக்கினேன். அவன் திமிறினான். அமுக்கிக்கொண்டே இருந்தேன். தண்ணீருக்குள் அவன் கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தது. செவுள் ஒருமுறை விரிந்தது. மறுபடி விரிந்தது. அப்புறம்தான் கையை எடுத்தேன்.

எடுத்ததும் மேலே வந்துவிட்டான். மறுபடியும் அமுக்கினேன். இந்த முறை அழுதுகொண்டே, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அமுக்கினேன். பெற்றவள் செய்கிற வேலையா இது என்று என்னையும் சேர்த்துத் திட்டினேன்.

"போயிட்டானா?" என்று மேலிருந்து கேட்டார்.

"இங்கதான் இருக்கானுங்க. மூச்சு விடறான்."

என் கைகளைத் தண்ணீருக்குள் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாம் முறை அவன் மேலே வரவில்லை.