பிரமநாயகியின் அச்சு

வார்ப்பகத்தில் மதியம் படுத்தால் மாலையில் மருத்துவராக எழுந்து வரலாம். வழக்கறிஞராகவோ அணைப் பொறியாளராகவோ கூட வரலாம். நன்றாகக் கற்ற ஒருவரின் மூளையில் நரம்புகள் பின்னியிருக்கும் விதத்தை அறிவுவார்ப்பி பதிந்து வைத்திருக்கும். அதே பின்னலைப் படுத்திருப்பவரின் மூளையிலும் இழைத்துவிடும். முதலில் பதிந்த பின்னலுக்கு மூல அச்சு என்று பெயர். இது வந்தபின் கல்லூரிகள் ஒவ்வொன்றாக மூடின. பல கட்டடங்கள் கல்யாண மண்டபங்களாயின.

தாமிரபரணிக் கரையில் இருந்த வெள்ளைமணல் கல்லூரி மட்டும் மூடவில்லை. இருநூற்றைம்பது வருடக் கட்டடம், கொஞ்சம் மாணவர்கள். ஊருக்குள் போனால், "நாலு வருசமா படிக்கியளா? பாவம்" என்பார்கள். பிள்ளைகள் தலை நிமிர்ந்துதான் நடந்தார்கள். அங்கே வகுப்பு நடக்கும்போது யார் வேண்டுமானாலும் எழுந்து மறுக்கலாம். மறுப்புக்குப் பதில் சொல்லாமல் பேராசிரியர் அடுத்த வரிக்குப் போக முடியாது. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் வழக்கம் அது.

ஆற்றுநீரியல் படித்த பிரமநாயகியும் அவளுடைய அறைத்தோழி ஜெபக்கனியும் அந்த வழக்கத்தை விடுதி உணவறைக்கும் கொண்டுபோயிருந்தார்கள். மணல் எப்படி நகரும், மழை எவ்வளவு பெய்தால் ஆறு கரையைத் தாண்டும் என்று சாம்பார் ஆறும்வரை சண்டை போடுவார்கள். தீராவிட்டால் ஆற்றுக்கே போய்க் கழியை ஊன்றிப் பார்ப்பார்கள்.

ஓர் ஆவணி மாதம் வார்ப்பகத்தின் தலைமை அதிகாரி மகிழ்வண்ணன் கல்லூரிக்கு வந்தார். முதல்வர் ரஹ்மத்துன்னிசா இரண்டு பெண்களையும் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"போன கார்த்திகையில கீழூர் முங்கினதுக்குக் காரணம் நாங்கதான்," என்றார் மகிழ்வண்ணன். "அணையில இருக்கற பொறியாளர் அத்தனை பேருக்கும் ஒரே அச்சு. நாப்பது வருசத்துக்கு முந்தி எடுத்தது. இப்ப மழையும் மாறிட்டு, ஆறும் மாறிட்டு. அத்தனை பேரும் ஒரே நேரத்துல மதகைத் திறந்தாங்க. ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரலை."

"புது அச்சு எடுக்க வேண்டியதுதானே?" என்றாள் ஜெபக்கனி.

"யார்கிட்ட எடுக்க? தானாப் படிச்சவங்க யாரும் இல்லையேம்மா. இங்க இருக்கற உங்களைத் தவிர."

அவர் கேட்டது பிரமநாயகியின் அச்சை. முடிவை முதல்வர் அவளிடமே விட்டார்.

அறைக்குத் திரும்பியதும் ஜெபக்கனி கதவைச் சாத்தினாள். "குடுக்காதட்டி. நம்மளை ஏளனம் பண்ணுனவங்க இவங்க. நீ இத்தனை வருசம் முட்டி மோதிப் படிச்சதை ஒரு மதியத்துல எடுத்துக்கிடுவாங்க. அதோட இந்தக் கல்லூரியும் போச்சு."

"கீழூர்ல வெள்ளத்துல செத்தவங்களை வரிசையாப் படுக்க வச்சிருந்தாங்களே, நீயும்தானே பாத்த."

"பாத்தேன்."

"அப்ப நான் எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்?"

மறுநாள் பிரமநாயகி அச்சுக் கொடுக்க வார்ப்பகத்துக்குப் போனாள்.

அச்சை எடுத்தபின் அதிலிருந்து சொந்த நினைவுகளைச் சுரண்டி நீக்குவது வார்ப்பகத்தின் முறை. பிரமநாயகியின் அச்சில் அது நடக்கவில்லை. உணவறைச் சண்டையை நீக்கினால் வெள்ளக் கணக்கும் கூடவே போயிற்று. ஜெபக்கனியின் குரலை அழித்தால் மணல் நகர்வு மறந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் அப்படியே பொறியாளர்களுக்கு வார்த்தார்கள். பக்குவம் பார்க்க மகிழ்வண்ணனும் படுத்து எழுந்தார்.

கார்த்திகையில் முந்திய ஆண்டைவிடப் பெரிய மழை. அணைக் கட்டுப்பாட்டு அறையில் திறக்கலாம் என்றார் ஒரு பொறியாளர். அவருக்கே அது சரிதானா என்று சந்தேகம் வந்தது. "எப்படித் தெரியும்?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். இருவரும் குடையோடு ஆற்றங்கரைக்குப் போனார்கள். பார்த்துவிட்டு வந்து மதகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். கீழூர் வாசல்படிவரை தண்ணீர் வந்தது. படி ஏறவில்லை.

செய்தி கல்லூரிக்கு வந்தபோது உணவறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிரமநாயகி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜெபக்கனி தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

ஆனி மாதம் கல்லூரி வாசலில் வரிசை நின்றது. ஆற்றுநீரியல் வார்ப்புப் பெற்றவர்கள், நரைத்தவர்கள்கூட, மாணவராகச் சேர வந்திருந்தார்கள். முன்னால் நின்றவர் மகிழ்வண்ணன்.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே," என்றார் முதல்வர்.

"தெரியுது மேடம். ஆனா எதைக் கேட்டாலும் 'அது எப்படி'ன்னு மனசு கேக்குது. யார்கூடயாவது வாதாடணும்போல இருக்கு. வீட்டுல எல்லாரும் ஓடுதாங்க."

வழியில் வந்த ஜெபக்கனியைப் பார்த்ததும் வரிசை முழுக்க முகம் மலர்ந்தது. "ஏட்டி ஜெபக்கனி" என்று ஐம்பது வயதுப் பொறியாளர் ஒருவர் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதல்வர் யோசித்தார். "இத்தனை பேருக்கும் ஒரே அபிப்பிராயம். உங்களுக்கு எதிர்வாதம் பண்ண ஆளை நான் எங்க தேட?"

"நான் இருக்கேன் மேடம்," என்றாள் பிரமநாயகி.

மகிழ்வண்ணன் குழம்பினார். "எங்க தலையில இருக்கறதே நீங்கதானேம்மா."

"அது போன ஆவணியில இருந்த நான். மணல் நகர்வைப் பத்தி அன்னைக்கு நான் நெனைச்சது தப்பு. வெள்ளம் வடிஞ்ச பிறகு போய்ப் பாத்தேன், புரிஞ்சுது."

வரிசையில் ஒரு சலசலப்பு. அடுத்த கணம் அத்தனை பேரும், அவளுடைய பழைய சொற்களாலேயே, அவளை மறுக்கத் தொடங்கினார்கள். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஒவ்வொருத்தரா வாங்க," என்றாள்.