உள்ளே குரைக்கும் நாய்

பூரணி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்ட அதே கணத்தில் பஞ்சு குரைத்தது.

ஒரே ஒரு குரைப்புதான். ஈரவிறகு அடுப்பில் வெடித்ததுபோல் கூர்மையாகக் கிளம்பி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான அந்தச் சின்ன லயக் காம்பராவின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. அவள் தோளிலிருந்து கொழுந்துக்கூடை நழுவியது. பின்னால் சேலையைப் பிடித்திருந்த சின்ன விரல்கள் இறுகின.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

ஆனால் பஞ்சு இந்த வீட்டுக்கு வந்த பதினோரு மாதங்களில் ஒருநாளும் குரைத்ததில்லை.

அது பங்களாவில் வளர்ந்த லாசா அப்சோ என்ற திபெத்து நாய். டயகமவில் தோட்ட மேலாளராக இருந்த துரை மாற்றலாகிப் போனபோது, இந்த ஜாதி நாயை விற்கக் கூடாது, பிடித்தவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லி, அவர் மனைவி அதைப் பூரணியின் கையில் தந்துவிட்டுப் போனார். பூரணி சில மாதம் பங்களாக் குசினியில் சமையல் வேலை செய்திருந்தாள். ஒரு முழத்துக்கும் குறைவான உயரம். தேன்நிற முடி முதுகில் வகிடெடுத்தாற்போல் பிரிந்து தரைவரை தொங்கும். கண் எங்கே இருக்கிறதென்று தெரியாது. வால் மட்டும் முதுகின்மேல் சுருண்டு கிடக்கும். "என்னா பூரணி, வீடு தொடைக்கிற மாப்ப இப்பிடி அவுத்து விட்டிருக்க" என்று பக்கத்துக் காம்பரா அழகுமுத்து கேலி செய்வார். அவர் நீட்டும் பிஸ்கட்டை அது முகர்ந்துகூடப் பார்க்காது. பெரிய இடத்துப் பிள்ளைபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது வாலாட்டியது ஒருத்திக்கு மட்டும்தான். பூரணியின் நாலு வயது மகள் கவிஷாவுக்கு.

துரையின் மனைவி சொன்ன இன்னொன்றும் இப்போது நினைவுக்கு வந்தது. திபெத்து மலைகளில் மடங்களின் வாசலில் கன்றுக்குட்டி அளவு நாய்களைக் கட்டி வைப்பார்களாம். வெளியாரை அவை பார்த்துக்கொள்ளும். அவற்றையும் ஏமாற்றி வந்தவரைக் காட்டிக்கொடுக்கத்தான் இந்தச் சின்ன நாயை உள்ளறையில் வளர்த்தார்களாம்.

"ரோட்டுல போறவங்களப் பாத்து இது கொலைக்காது பூரணி. ஆகாதவங்க உள்ள வந்துட்டா மட்டுந்தான் கொலைக்கும்."

அப்படியானால், உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

போன மாதம் கீழ் லயத்தில் ஒருத்தன் பகலிலேயே கூரைக்கடியில் விறகு அடுக்கும் அட்டலில் ஏறி ஒளிந்திருந்து, தனியாக இருந்த பெண்ணின் மண்டையை உடைத்துவிட்டு ஓடியிருந்தான். பூரணியின் புருஷன் நிரஞ்சன் கொழும்பில் கடை வேலையில் இருந்தான். மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆனால் மத்தியானமே இறங்கிய பனிமூட்டம் ஜன்னலை வெள்ளைத் துணிபோல் மூடியிருந்தது. கரண்ட் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், பிள்ளைமேல் ஒரு கீறல் விழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, போன் டோர்ச்சை எரியவிட்டாள்.

பஞ்சு சுவரோடு ஒட்டி நின்றது. எப்போதும் சுருண்டிருக்கும் வால் அவிழ்ந்து, பின்னங்கால்களுக்கு நடுவே தொங்கியது. அதன் மூக்கு பூரணியை நோக்கி இருந்தது. இல்லை, அவளையும் தாண்டி. அவள் முதுகுக்குப் பின்னால்.

சட்டென்று திரும்பினாள். சாத்திய கதவு. அதன்முன் மஞ்சள் மழைக்கோட்டில், தலைமூடியை முகம் மறைய இறக்கிவிட்டபடி பிள்ளை. வேறு யாருமில்லை.

கட்டிலுக்கு அடியில் டோர்ச்சை அடித்தாள். பழைய பெட்டி, ஒற்றைச் செருப்பு. பஞ்சு மறுபடி குரைத்தது. பார்த்தாள். அதே பார்வை, அவளுக்குப் பின்னால். குசினிக்குப் போனாள். சேலையைப் பிடித்தபடி பிள்ளையும் வந்தது. அட்டலுக்கு ஒளியை உயர்த்தினாள். விறகு, சாக்கு, ஓட்டை வாளி. குரைப்பு. எங்கே திரும்பினாலும் பஞ்சுவின் முகம் அவள் முதுகுப் பக்கமே போனது.

ஈரமண் வாசனை வேறு. தேயிலைச் செடிகளைப் புதிதாகக் கவ்வாத்து வெட்டிய மலையில் வீசும் பச்சைத்தண்டு வாசனை. அது குசினியில் இல்லை, அட்டலில் இல்லை. அவள் போகுமிடமெல்லாம் கூடவே வந்தது.

பக்கத்துச் சுவரைத் தட்டினாள். அழகுமுத்துவின் இருமல் கேட்டது.

"அண்ணே, வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க போல. நாய் விடாம கொலைக்குது."

இந்த முறை அவர் கேலி பேசவில்லை.

"கதவத் தொறக்காத. புள்ளைய கெட்டியா புடிச்சிக்க. நா கத்தியோட சுத்தி வாறேன்."

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது. நனைந்த குளிர் என்று நினைத்தாள். தப்பு தன்மேல்தான். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயம்மா ஜெயந்தினி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்: மூட்டம் இறங்கிய நாளில் கீழே ரோட்டில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, மேலே ஏறி வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போகவேண்டும். பிள்ளைகள் படியில் வழுக்குவார்கள் என்பதற்காகத்தான் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். இன்றைக்குக் கொழுந்து நிறுத்து முடிய நேரமாகிவிட்டது. காலும் ஓய்ந்திருந்தது. நாற்பது படி ஏற முடியாமல் கீழே நின்றே "கவிஷா" என்று ஒரு குரல் கொடுத்தாள். மூட்டத்துக்குள்ளிருந்து மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த அதே மஞ்சள் கோட்டு.

வழியெல்லாம் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போதும் பேசவில்லை.

"கவிஷா?"

கோட்டு நுனியிலிருந்து நீர் சொட்டியது. சொட்டு. சொட்டு.

"தொப்பிய கழட்டு கண்ணு. அம்மா தொவட்டி விடுறேன்."

தலை அசையவில்லை.

வெளியே காலடிச் சத்தம். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் யாரோ ஏறினார்கள். கதவு தட்டப்பட்டது.

பஞ்சு குரைப்பதை நிறுத்தியது. சுவரோரமாகவே ஊர்ந்து, பிள்ளையைத் தொடாமல் வளைந்து, கதவடிக்கு ஓடியது. கீழ் இடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்தது. அதன் வால் எழும்பியது. முதுகின்மேல் சுருண்டது.

ஆடியது.

பூரணி அந்த வாலையே பார்த்தாள். கையை விடுவிக்க முயன்றாள். முடியவில்லை. சில்லென்ற விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி வளைந்தன. இன்னொரு சுற்றும் வளைந்தன.

கதவுக்கு வெளியே ஜெயந்தினியின் குரல், மூச்சு வாங்கியபடி.

"பூரணி அக்கா, என்னாக்கா இன்னைக்கி வரவே இல்ல? ஒங்களப் பாத்துப் பாத்து கவிஷா என் தோள்லயே தூங்கிருச்சு. கதவத் தொறங்க."