இடப்பக்க லீவர்

எழுந்தான். பல் தேய்த்தான். டீ போட்டு, அடுப்படியில் நின்றபடியே குடித்தான். பாப்பாவின் கட்டிலில் துவைத்த விரிப்பைப் போட்டு, தலையணையைத் தட்டி வைத்தான். குளித்துவிட்டுப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஷெட்டின் கதவைத் தூக்கினான்.

பைக்கின் கைப்பிடியைப் பிடித்தபோது இடப்பக்கத்தில் இருந்த சின்ன லீவர் வெதுவெதுப்பாக இருந்தது. மற்ற இரும்பெல்லாம் சில்லிட்டிருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது.

மச்சினன் சொன்னபடி சீக்கிரமே வந்துவிட்டான். மனைவியின் தம்பி. பைக்கை மச்சினன் இன்று ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அது போனால்தான் பாப்பா வீடு திரும்புவாள். "என் பொண்ணு உசிரக் குடிச்ச வண்டி நிக்கிற வீட்டுக்குப் பேத்திய அனுப்ப மாட்டேன்" என்று மாமியார் சொல்லிவிட்டார்.

"ஒரு வேன் பிடிச்சு ஏத்திட்டுப் போயிடலாமே, மாமா?"

"ஓடித்தான் போகணும்."

"அது சரி. இத்தனை மாசமா இதோட குடித்தனம் பண்ணிட்டு ஸ்டார்ட் ஆகலைன்னா அசிங்கம்தான்." சொன்ன பிறகு மச்சினன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வளைந்த ஃபிரேமை நிமிர்த்தியது, நசுங்கிய டேங்கைத் தட்டி எடுத்துப் பெயிண்ட் அடித்தது, சக்கரத்துக்குக் கம்பி கோத்தது எல்லாம் அவன்தான். அந்த லீவர் மட்டும் பழையது. எந்தக் கடையிலும் அது கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுடைய வாட்சோடும் வளையலோடும் அதையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அந்தக் காலத்து பைக்கை எடுத்தவுடன் உதைக்க முடியாது. லீவரை அழுத்தினால் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெளியேறி கிக்கர் லேசாக இறங்கும். ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்ப் மீட்டரின் முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விட்டுவிட்டு ஓங்கி உதைக்க வேண்டும். லீவரை விடாமல் உதைத்தால் ஜென்மத்துக்கும் ஸ்டார்ட் ஆகாது. அவர்கள் அதை இரண்டு பேர் வேலையாக வைத்திருந்தார்கள். அவள் சீட்டில் உட்கார்ந்து லீவரைப் பிடித்துக்கொள்வாள். அவன் பக்கத்தில் நின்று உதைப்பான். தெருவே சிரிக்கும்.

இன்று மச்சினன் உதைத்தான். கிக்கர் கனமே இல்லாமல் இறங்கியது. பெட்ரோலும் புது பெயிண்டும் கலந்து நெடியடித்த அந்த இருட்டு ஷெட்டில், பல்லிடுக்கு வழியாக யாரோ நெடுநேரம் அடக்கிவைத்த மூச்சை விடுவதுபோல, எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து ஒரு சத்தம் வந்து மெல்ல அடங்கியது.

உஸ்ஸ்ஸ்.

"கம்ப்ரஷனே இல்ல, மாமா."

"நேத்து இருந்துச்சு."

பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். பொறி நீலமாக வந்தது. கார்பரேட்டரைத் துடைத்தான். பெட்ரோல் ஒழுங்காக இறங்கியது. மறுபடி உதைத்தார்கள். உஸ்ஸ்ஸ். லீவரின் கேபிள் எங்கோ சிக்கியிருக்க வேண்டும் என்று அதையே எஞ்சினிலிருந்து கழற்றிப் போட்டான். இனி அந்த லீவருக்கு வேலை இல்லை. தொளதொளவென்று ஆட வேண்டும்.

மச்சினனின் போன் அடித்தது. பேசிவிட்டு வைத்தான். "அம்மா பாப்பாவோட கிளம்பிட்டாங்களாம். சீக்கிரம் முடிப்போம்."

குனிந்து, கிக்கரில் கால் வைத்தான். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. நிமிராமலே சொன்னான்.

"லீவர விடுங்க, மாமா. உதைக்கிறேன்."

அவன் கதவருகே நின்றிருந்தான். இரண்டு கையிலும் ஸ்பானர்.

"நான் பிடிக்கலையே."

மச்சினன் நிமிர்ந்தான். லீவர் கைப்பிடியோடு ஒட்டிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரை இடையில் கொடுத்து நெம்பினான். அசையவில்லை. ஸ்க்ரூடிரைவர்தான் வளைந்தது.

காலி சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்குகள் அமுங்கியிருந்தன.

"வெளிய வாங்க, மாமா." மச்சினனின் குரல் கீச்சென்றது. "அவங்கள வர வேண்டாம்னு சொல்லிடறேன். வாங்க, மாமா!"

மச்சினன் ஓடினான்.

அவன் போகவில்லை.

கிக்கரை யாரும் தொடவில்லை.

உஸ்ஸ்ஸ்.

நின்றது.

உஸ்ஸ்ஸ்.

விபத்து நடந்த அன்று சாயங்காலம் மூடுபனி. பைக் ரோட்டோரம் நின்றுபோயிருந்தது. தேய்ந்த கேபிள் முனை நழுவிக்கொண்டே இருந்தது. லீவரை விட்டால் உள்ளே போய்விடும். அவளைப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்துப் பஞ்சர் கடையில் குறடு கேட்க ரோட்டைத் தாண்டினான். லாரி வந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அதற்கு முன்னால் அவள் சொன்னது மட்டும்தான் கேட்டது.

"அவசரமில்ல, மெதுவா வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் பிடிச்சுக்கிட்டே இருக்கேன்."