உள்ளே ஏற்கெனவே ஒருவர்

“அக்கா, நான் எங்க போயிட்டு வந்தேன்?”

போன வருடம் இதே மருத்துவமனையில் கண் விழித்ததும் தங்கை கேட்ட முதல் கேள்வி அது. இதயம் நின்று, டாக்டர்கள் கையை விரித்து, முகத்தைத் துணியால் மூடிய பிறகு விழித்தவள். மயக்கத்தில் உளறுகிறாள் என்று அக்கா சமாளித்துவிட்டாள். அம்மா, அப்பா போனபின் அவளுக்கென்று இருந்தது இந்த ஒருத்திதான். திரும்பக் கிடைத்ததே பெரிது.

இப்போது தங்கைக்கு இங்கேயே பதிவறையில் வேலை. கணினி பழுது பார்க்கும் அக்காவுக்கு இங்கேயே ஒப்பந்தம். பழைய கணினி போன வருடம் செத்ததிலிருந்து பதிவறையில் எல்லாம் கைவேலைதான். விடுமுறை நாளான இன்றைக்குள் புதுக் கணினியை நோயாளிகளின் தகவல் தளத்தோடு இணைத்தாக வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே நின்று பேசி வைக்கும் மென்பொருள்தான் டிரைவர். அது காலையிலிருந்து உயிரை வாங்கியது. புது இயந்திரம் அறுபத்துநான்கு பிட், மருத்துவமனையின் மென்பொருளோ முப்பத்திரண்டு பிட். ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர்; இரண்டின் அமைப்புத் திரையும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்க, மதியம்வரை தப்பான திரையிலேயே மாரடித்திருக்கிறாள்.

“பாவம்க்கா அது. புருஷனத் திட்டற மாதிரி திட்டற.” பின்னால் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள் தங்கை.

“புருஷன்னா திட்டினதும் எழுந்தாவது போவான். இது மொறச்சுக்கிட்டே நிக்குது.”

தங்கை சிரித்துவிட்டு எதையோ முணுமுணுத்துப் பாடத் தொடங்கினாள்.

அக்கா சரியான டிரைவரை நிறுவி, சோதனைப் பொத்தானை அழுத்தினாள். இடமில்லை என்றது திரை. இந்தத் தளம் ஒரே நேரத்தில் இரண்டு பேரைத்தான் அனுமதிக்கும். ஒருவர் மருந்துக் கடை. இன்னொருவருக்குப் பெயருமில்லை, கணினியுமில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு தளத்தையே நிறுத்தினாள். பின்னால் பாட்டு பாதியில் நின்றது. குளிர்சாதனத்தின் உறுமலும், ஸ்பிரிட் வாடையும், ஜன்னலில் மழை வழியும் சத்தமும் மட்டும் அறையில் மிச்சமிருந்தன. கோப்பு அசையும் சத்தமில்லை. மூச்சுச் சத்தமும் இல்லை. தளத்தை மறுபடி ஓடவிட்டாள். விட்ட எழுத்திலிருந்தே பாட்டு தொடர்ந்தது.

கோபத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை. திரையில் பெயரில்லாத அந்த இரண்டாவது ஆள் பழையபடி உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, குளிருது.”

“ஏசியக் குறைச்சுக்கோ.”

“அது இல்லக்கா. உள்ள இருக்கறவங்கள அப்படியே விட்டுடேன்.”

இதைப்பற்றி அக்கா வாய் திறந்து ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்த இரண்டாவது ஆளை வெளியேற்றும் பொத்தானின் மேல் விரல் நின்றது. ஒரு கணம்தான். காலையிலிருந்து சேர்ந்த எரிச்சல் விரலைத் தள்ளியது.

துண்டி.

அழுத்திய பிறகுதான், இணைப்பு தொடங்கிய தேதி கண்ணில் பட்டது. போன வருடம். இதேபோல் ஒரு மழை நாள். தங்கையின் முகத்தைத் துணியால் மூடிய நாள்.

இணைப்பு வெற்றி, என்றது திரை.

பாட்டு இல்லை.

நாற்காலி கிரீச்சிட்டது. திரும்பினாள். தங்கை எழுந்து நின்றாள். உதடு நீலம். கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. அவள் கையை அக்கா பிடித்தாள். பனிக்கட்டி. மறுபடி இணைக்கத் தளத்தில் எந்தப் பொத்தானும் இல்லை. கூப்பிட்டாள். கெஞ்சினாள்.

கை நழுவியது.

வாசலைத் தாண்டி, பிணவறைக்கு இறங்கும் படிகளில் தங்கை இறங்கிப் போனாள்.