பால் வார்த்த செடி

தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த வடிவுக்கு மல்லிகை வாசனை வந்தது. அவள் நம்பவில்லை. பூந்தமல்லிப் பக்கத்தில் பூச்செடி வைத்திருக்கிற யாரும் நம்பமாட்டார்கள். மார்கழியில் கொல்லையிலிருந்த ஐந்து மல்லிகைச் செடிகளையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையை உருவிப் போட்டாயிற்று. பங்குனிக்கு முன்னால் அவை பூக்க வழியில்லை. நான்கு செடிகள் அப்படித்தான் குச்சி குச்சியாக நின்றன. கிணற்றை ஒட்டிய ஐந்தாவது செடியில் மட்டும், ஓர் இலைகூட இல்லாத வெறும் குச்சிகளில், அடியிலிருந்து நுனிவரை அரிசியை அள்ளி ஒட்டியதுபோல மொக்குகள் நெருங்கிக் கிடந்தன. உச்சி வெயிலிலும் அவற்றின்மேல் ஈரம் இருந்தது.

அந்தச் செடியின் அடியில்தான் அவள் தினமும் தன் பாலை ஊற்றிவந்தாள்.

கார்த்திகைக் கடைசியில் அவளுடைய ஐந்து மாதப் பெண் குழந்தை மூன்று நாள் காய்ச்சலில் செத்துப்போனது. பால் நிற்கவில்லை. காலையும் மாலையும் மார் கல்லாகக் கனத்தது. தாய்ப்பாலைக் கால் படும் இடத்தில் கொட்டக்கூடாது, எறும்பு மொய்க்க விடக்கூடாது, பூச்செடிக்குத்தான் ஊற்றவேண்டும் என்பது வழக்கம். அவளும் கிண்ணத்தில் பிழிந்து கொண்டுவந்து ஊற்றினாள். பிழியப் பிழியத்தான் சுரக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது நின்றுவிட்டால் குழந்தையுடையது என்று சொல்ல அவள் உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் பிழிந்துகொண்டே இருந்தாள்.

குழந்தையை எங்கே புதைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தலைச்சன் பிள்ளையின் மண்டையோட்டுக்காகக் குழியைத் தோண்டுகிற மந்திரவாதிகள் உண்டு என்று ஊரில் பயம். அதனால் அவள் கணவன் வரதன் அன்றிரவு தனியாகத் தூக்கிப்போனான். இடத்தை யாரிடமும் சொல்லவில்லை. யுத்தத்துக்காக ஆவடியில் திறந்திருந்த ராணுவக் கிடங்கில் அவனுக்கு மூட்டை சுமக்கும் வேலை. விடியுமுன் போய் இருட்டியபின் வருகிறவன், பால் கிண்ணத்தைப் பார்த்ததேயில்லை. இப்போது சரக்கு ரயில்கள் வந்து குவிந்ததால் நான்கு நாளாகக் கிடங்கிலேயே தங்கியிருந்தான்.

அன்று மாலை வடிவுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் கண்டது. செய்தி கேட்டு மறுநாள் திருநின்றவூரிலிருந்து வரதனின் அக்கா சொர்ணம் வண்டி கட்டி வந்தாள். வந்தவள் கண்ணில் முதலில் பட்டது செடிதான்.

“இன்னாடி இது, பொங்கப்பானை கரிகூட இன்னும் தேய்க்கல, இதுக்கு இன்னா அவசரம்? மாப்ள பாத்துகினு கீறாங்களா?”

சிரித்துக்கொண்டே மடி நிறையப் பறித்தாள். மல்லிகையை மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றும். பூ இல்லாத காலத்தில் பூ வந்தது நல்லதற்குத்தான் என்றாள். வடிவு வேண்டாம் என்றாள். இரண்டு முறை சொன்னாள்.

சொர்ணத்தின் சிரிப்பு நின்றது. “செத்ததுக்கே ஊத்திகினு இருந்தா, உசுரோட வரப்போறதுக்கு இன்னாத்த வெச்சிருப்பே?”

சொர்ணத்தின் விரல்களில் காம்புகளிலிருந்து வெள்ளையாக ஏதோ கசிந்திருந்தது. மல்லிகைக்குப் பால் கிடையாது. சொர்ணம் அதை முந்தானையில் துடைத்தாள்.

பழைய வேட்டியைக் கிழித்து, பூக்களைப் பரப்பி, இறுக்கிக் கட்டினாள். முதலில் குளிர்ச்சியாக இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் துணிக்குள் சூடு ஏறியது. உடம்பின் சூடு அல்ல, அதற்குப் பக்கத்தில் வேறொரு சூடு. பிறகு மிகச் சின்னதாக ஓர் இழுப்பு. கட்டு இறுக்கம் என்று வடிவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

காலையில் அவிழ்த்தபோது பூக்கள் வாடியிருக்கவில்லை. பழுத்து வதங்கியிருக்க வேண்டியவை கட்டியபோது இருந்ததைவிடப் பருத்திருந்தன. மார் பாதி தளர்ந்திருந்தது. பலித்துவிட்டது என்று சொர்ணத்துக்குச் சந்தோஷம். மூன்றாம் நாள் பிழிந்துபார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. வடிவு அழுததைக் காய்ச்சல் விட்ட ஆயாசம் என்று எடுத்துக்கொண்டு, சொர்ணம் மதியமே வண்டி ஏறினாள்.

வெயில் இறங்கியதும் சத்தம் கேட்டது.

அழுகை அல்ல. அழுகைக்கு முன்னால் வருவது. வெறும் வாயைச் சப்புக்கொட்டி, நாக்கைத் தட்டி, கொஞ்சம் நின்று, மறுபடியும் தட்டுவது. ஐந்து மாதம் அந்தச் சத்தத்துக்குத் தூக்கத்திலிருந்து எழுந்தவள் அவள்.

கிணற்றடியிலிருந்து வந்தது.

வரதன் அன்று இருட்டுமுன்பே வந்துவிட்டான். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சி, இது என்ன வாசனை என்று கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பாலை, பூவை, மாரில் கட்டியதை. அவன் தூக்குச்சட்டியைக்கூடக் கீழே வைக்காமல் படியில் உட்கார்ந்துவிட்டான்.

“கெணத்தாண்ட கீற செடியா?”

“ஆமா.”

“அங்கதாம்மே வெச்சேன். நீ பக்கத்துலயே இருப்பேன்னு.”

கிணற்றடிச் சத்தம் அவனுக்கும் கேட்கிறதா என்று அவள் பார்த்தாள். கேட்டது. அவன் முகம் வெளுத்திருந்தது. வேரோடு எடுத்து வேறு எங்காவது கொண்டுபோய் வைத்துவிடுகிறேன் என்று எழுந்து, மண்வெட்டி கேட்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினான்.

“பசியா கீதுயா அதுக்கு,” என்றாள் வடிவு. “மூணு நாளாச்சு.” அவன் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தான்.

அவள் பின்பக்கம் போனாள்.

காற்று இல்லை. குச்சிகள் எல்லாம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தன. மொக்குகள் சுருங்கி, தோல் தளர்ந்து தொங்கின. அவள் மண்ணில் உட்கார்ந்தாள். ரவிக்கையை அவிழ்த்தாள். இல்லையே கண்ணு, என்றாள். வத்திப்போச்சே.

சத்தம் நின்றது.

ஒரு மொக்கின் நுனி பிரிந்தது. பூவாக அல்ல. இன்னொன்று. பிறகு எல்லாம்.

வரதன் மண்வெட்டியோடு ஓடிவந்து கிணற்றடியில் நின்றான். செடி அவள்மேல் முழுதாகச் சாய்ந்திருந்தது. அவள் கண்கள் பாதி மூடியிருந்தன. வலது கை மட்டும் பக்கத்து மண்ணை மெல்ல, ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தது. அவள் மாரைத் தொட்டுக்கொண்டிருந்த மொக்குகள் சிவந்துவிட்டன. அடுத்த வரிசை சிவந்துகொண்டிருந்தது. மற்றவை இன்னும் வெள்ளையாக, முறை வருவதற்குக் காத்திருந்தன.