மூன்றாவது கம்ப்யூட்டரின் சான்றிதழ்

வாங்க கண்ணுங்களா, இப்படி நெருங்கி உட்காருங்கள். விசிறிக் காற்று எல்லோர் மேலும் படட்டும். மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில், காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவே துப்புத் துலங்கிய ஒரு திருட்டைச் சொல்லப் போகிறேன். எதையும் ஒளிக்க மாட்டேன். திருடியவர் யாரென்று எனக்கு முன்னால் நீங்களே சொல்லிவிட்டால் எனக்குச் சந்தோஷந்தான்.

1997. கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன காலம். ஒவ்வொரு மெஷினுக்கும் பூப்போட்ட துணியில் உறை தைத்து மாட்டியிருப்பார்கள். உள்ளே தும்மக்கூட பயமாக இருக்கும்.

சுவாமிநாதனின் மாடி அறை அதற்கு முன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்தது. தெருமுனை வரை கேட்கும் டைப் சத்தம் ஒருநாள் ஓய்ந்தது. அதே மேசைகளில் மூன்று கம்ப்யூட்டர்கள் வந்து உட்கார்ந்தன. மூன்றையும் விண்டோஸ் 95 போட்டே கடைக்காரர் கொடுத்திருந்தார். மெஷினுக்கு ஒன்றாக ஒரு மெல்லிய கையேடு, அதன் உள்ளட்டை உறையில் ஒரு சி.டி. கையேட்டின் அட்டையிலேயே, விண்டோஸ் அசல்தான் என்ற சான்றிதழ் ஒட்டியிருக்கும், அதில் ஒரு நீள எண் இருக்கும்.

விஜயதசமி, சனிக்கிழமை. காலை 8.40.

ராகு காலம் ஒன்பதுக்கு. அதற்குள் சுவாமிநாதன் அவசரமாகப் புனர்பூஜையை முடித்துக் கற்பூரம் காட்டினார். முந்தின நாள் ஆயுத பூஜையில் அடுக்கிய புத்தகங்களை அப்போதுதான் எடுக்கலாம். ஜோதிலட்சுமி ஒவ்வொன்றாக எடுத்தாள். முதல் கையேடு. இரண்டாவது கையேடு. மூன்றாவதாகக் கையில் வந்தது ஒரு பழைய டைப்ரைட்டிங் பயிற்சிப் புத்தகம்.

"சார், மூணாவது மெஷினோட புக்கைக் காணோம்."

ஜோதிலட்சுமிக்கு வயது இருபத்து நான்கு. பட்டினப்பாக்கத்துப் பெண். இங்கேதான் படித்தாள், இங்கேயே டீச்சரானாள். அன்று பதினொரு மணிக்குப் பெங்களூர்ப் பயிற்சி நிறுவனத்திலிருந்து மாணிக்கவாசகம் என்ற அதிகாரி வருவதாக இருந்தது. மெஷினுக்கு ஒரு சான்றிதழ் வீதம் பார்த்துத் திருப்தியானால் இந்த அறை அவர்களுடைய கிளை ஆகும். ஜோதி தலைமை ஆசிரியை ஆவாள்.

"நேத்திக்கு யார் பூட்டினா?" என்றார் சுவாமிநாதன்.

"நான்தான் சார். பன்னெண்டரைக்கு. உங்க சாவியை உங்க கையில குடுத்தேன். என் சாவி என்னாண்டயே இருந்துச்சி."

சத்தம் கேட்டுக் கீழேயிருந்து ஜெயராம் ஏறி வந்தான். சுவாமிநாதனின் மனைவிக்குத் தம்பி. கீழ்த்தளத்தில் டி.டி.பி. கடை, கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு.

"என்ன அத்திம்பேர், காலங்கார்த்தால?"

விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஜோதியைப் பார்க்காமலே சொன்னான். "இவ தம்பி புகழேந்தி ரிச்சி தெருவுல கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றானோல்லியோ? அங்க போய்த் தேடுங்கோ."

அறையில் பத்து மாணவர்கள் நின்றிருந்தார்கள். சுவாமிநாதன் கையை நீட்டினார். "ஜோதி, அந்த இன்னொரு சாவியைக் குடு. பதினோரு மணிக்குள்ள புஸ்தகம் வரலேன்னா நீ நாளைலேர்ந்து வர வேண்டாம். உன் தம்பி மேல போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன்."

"இன்னா சார் சொல்றீங்க? என் தம்பி இன்னா பண்ணான்?" அவளுக்குக் குரல் உடைந்தது. சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

அப்போது, "ஒரு நிமிஷம் மிஸ், அழாதீங்க" என்று ஒரு குரல் வந்தது.

ஹாஜிரா பீ. வயது நாற்பத்தைந்து. தபாலாபீஸில் பதிவுத் தபால் கவுன்டரில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவர். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு இங்கே மாணவியாகச் சேர்ந்தவர். தன்னில் பாதி வயதுக்காரியை வாய் நிறைய 'மிஸ்' என்று கூப்பிடுவார். ஜோதி அவரை 'அக்கா' என்பாள்.

9.05.

"மிஸ், இந்த புக்குங்களுக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நான்தான்க்கா. ஒவ்வொரு அட்டைலயும் சந்தனம், மேல குங்குமம். சான்றிதழ் இருக்கிற மூலைலதான் வச்சேன்."

ஹாஜிரா பீ டைப்ரைட்டிங் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "இதுல பொட்டு இல்ல. அப்போ பூஜைக்கு அப்புறம் மாத்தி வச்சிருக்காங்க. அடுக்கு உயரம் குறையாம இருக்க, நம்ம பீரோலேர்ந்தே ஒண்ணை எடுத்துச் செருகிருக்காங்க. பூட்டு உடையலையே?"

"இல்லையே."

"மெஷினுக்கும் பொட்டு வச்சீங்களா?"

"எல்லாத்துக்கும். பிளாப்பி ஓட்டையில சந்தனம் பூந்துட்டா வீணாப் போயிடும்னு பயம். அதான் சி.டி. தட்டு மேல வச்சேன். கீழ ஜெயராம் சார் கூப்பிட்டாரு, அவரு மெஷினுக்கும் அதே கிண்ணத்துலேர்ந்து அதே மாதிரி வச்சேன்."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டுக்கு."

9.20.

"சார், நேத்து உங்க சாவி எங்க இருந்தது?"

"ஆத்துல. அபிராமபுரத்துல. கொலு பக்கத்துல ஆணியில மாட்டிட்டேன்."

"யார் யார் வந்தாங்க?"

"கொலுவுக்கு நாலு மாமி வந்தா. ஜெயராம் மத்தியானம் சாப்பிட வந்தான். மறுபடி சாயங்காலம் சுண்டலுக்கும் வந்தான். கூப்பிட்டாலே வராதவன், ஒரே நாள்ல ரெண்டு தரம்னு அவன் அக்காவுக்குத் தாங்காத சந்தோஷம்." அவர் எரிச்சலோடு நிறுத்தினார். "இதெல்லாம் எதுக்கும்மா? அந்தப் புஸ்தகம் கம்ப்யூட்டர்காராளுக்குத்தானே பிரயோஜனம்? வேற யாருக்கு வேணும்?"

ஹாஜிரா பீ ஜோதியிடம் திரும்பினார். "மிஸ், அந்தச் சான்றிதழை உங்க தம்பி வச்சுக்கிட்டு என்ன பண்ண முடியும்?"

"ஒண்ணும் முடியாதுக்கா! விண்டோஸை மட்டும் தனிப் பெட்டியா வாங்கினது வேற. இது மெஷினோட வந்தது. அந்த மெஷினுக்குத்தான் செல்லும், மெஷின் போனா இதுவும் போச்சு. வேற மெஷின்ல போட்டாக் கள்ளந்தான். என் தம்பிதான் எனக்கே இத சொல்லிக் குடுத்தான்."

"போட்டா ஓடாதா?" என்றார் சுவாமிநாதன்.

"ஓடும் சார். எண்ணை அடிச்சா ஓடும். ஆனா உரிமை கிடையாது."

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், செல்லங்களா. எண்ணை அடித்த பிறகு மெஷின் தானாகவே கம்பெனியைக் கேட்டு, 'இந்த எண் ஏற்கெனவே வேறிடத்தில் இருக்கிறதே' என்று மறுப்பதெல்லாம் பின்னால் வந்த வித்தை. அப்போது மெஷின் யாரையும் கேட்காது. எண்ணைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். அத்தனை வெகுளி.

ஹாஜிரா பீ தலையாட்டினார். "எண் மட்டும் போதும்னா, ஆறு மாசமா அந்தப் புத்தகத்தைக் கையில வச்சிருக்கிற மிஸ் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டுப் போயிருப்பாங்க. யாருக்கும் தெரிஞ்சே இருக்காது. எடுத்தவருக்குக் காகிதமும் வேணும். அது வேற மெஷினுக்குச் செல்லாதுங்கிறது தெரியவும் தெரியாது. சார், இது கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க திருட்டு இல்ல."

9.40.

மூன்றாவது மெஷினுக்கு முன் ஹாஜிரா பீ குனிந்தார். சி.டி. தட்டின் மூடி மேலும் அதன் விளிம்பு மேலுமாக, இடுக்கை மறைத்துக்கொண்டு சந்தனப் பொட்டு முழு வட்டமாகக் காய்ந்திருந்தது. மற்ற இரண்டிலும் அப்படியே.

"மிஸ், இதைப் போடுங்க. உள்ள எண் தெரியுமே, அந்தப் பக்கத்தைக் காட்டுங்க."

திரை கண் விழித்தது. ஜோதி மவுஸை இரண்டு இடத்தில் தட்டினாள். பெயருக்குக் கீழே நீள எண் நின்றது, நடுவில் மெஷினோடு வந்தது என்பதற்கு அடையாளமாக ஓ.ஈ.எம். என்ற மூன்று எழுத்து, கடைசியில் 48317. ஹாஜிரா பீ தபாலாபீஸ் பென்சிலால் முழுவதையும் எழுதிக்கொண்டார்.

"பதிவுத் தபால் மாதிரிதான் சார். கவர் மேல ஒட்டின எண்ணும் எங்க ரிஜிஸ்டர்ல இருக்கிற எண்ணும் ஒண்ணா இருக்கணும். ஒரு எண்ணுக்கு ஒரு கவர். அதே எண் ரெண்டு கவர்ல இருந்தா, ஒண்ணு திருட்டு."

10.10.

கீழே ஜெயராமின் கடை. வாசலில் வாழைக்கன்று துவண்டிருந்தது. மானிட்டரின் தலையில் நேற்றைய சாமந்தி மாலை. பொரிகடலைத் தட்டில் எறும்பு வரிசை.

"சார், அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் அடிச்சுத் தர முடியுமா?" என்றார் ஹாஜிரா பீ.

"பத்தரைக்கு மேல வாங்கோ மேடம். ராகு காலம் முடிஞ்சுதான் புனர்பூஜை. நேத்துப் பூஜை பண்ணினதுலேர்ந்து நான் மெஷினைத் தொடலை."

"தொடவே இல்லையா?"

"ஆயுத பூஜை அன்னிக்கு யாராவது தொடுவாளா? பாவம் இல்லையா?"

ஹாஜிரா பீ அவன் மெஷினை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான். "பத்தரைக்கு வரேன்" என்று படியேறினார்.

கண்டுபிடித்துவிட்டீர்களா? இல்லையென்றாலும் பரவாயில்லை. இதோ வந்துவிட்டோம்.

10.35.

ஜெயராம் கற்பூரத்தட்டைக் கீழே வைத்தபோது வாசலில் சுவாமிநாதன், ஹாஜிரா பீ, ஜோதி, பின்னால் மாணவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள்.

"என்ன, ஊர்வலமா?" என்று சிரித்தான்.

"சார், இந்தப் பொட்டைப் பாருங்க" என்றார் ஹாஜிரா பீ.

அவன் மெஷினின் சி.டி. தட்டில் பொட்டு இருந்தது. ஆனால் இரண்டு அரை நிலாக்களாக. மூடி மேல் ஒன்று, விளிம்பு மேல் ஒன்று, நடுவே நேர்கோடாக ஒரு வெடிப்பு.

"காஞ்சு உதிர்ந்திருக்கும்" என்றான் ஜெயராம்.

"காஞ்சு உதிர்ந்தா ஓரம் உதிரும். அதே சந்தனம், அதே கை, அதே நேரம். மேல மூணு மெஷின்லயும் வட்டம் முழுசா இருக்கு. எத்தனை கவர்ல அரக்கு முத்திரை பார்த்திருப்பேன் சார்? தானா உடைஞ்சதுக்கும் திறந்ததுக்கும் வித்தியாசம் தெரியும். பூஜைக்கு அப்புறம் சி.டி. போட இந்தத் தட்டு திறந்திருக்கு. தொடவே இல்லன்னு நீங்க சொன்னீங்க."

ஜெயராமின் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்தது.

"மிஸ், எண்ணைக் காட்டுங்க."

ஜோதி உட்கார்ந்தாள். மெஷினைப் போட்டாள். இரண்டு இடத்தில் தட்டினாள். ஹாஜிரா பீ துண்டுச் சீட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். சுவாமிநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்தார். கடைசியில் 48317.

"மத்தியானம் சாப்பிட வந்தப்போ ஆணியிலேர்ந்து சாவி. சாயங்காலம் சுண்டலுக்கு வந்தப்போ திரும்ப ஆணியிலே. நடுவுல இந்த வேலை. சரிதானா சார்?"

ஜெயராம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். மாதிரிப் பத்திரிகைகளின் அடுக்குக்கு அடியிலிருந்து கையேட்டை இழுத்து நீட்டினான். சான்றிதழ் மூலையில் ஜோதி வைத்த பொட்டை நகத்தால் சுரண்டி எண்ணைப் படித்திருந்தான். மஞ்சள் கறை மட்டும் மிச்சம்.

"ஒரு கம்பெனி ஆண்டு மலர் வேலை தரேன்னா, அத்திம்பேர். சான்றிதழ் இருக்கான்னு கேட்டா. என்னோடது அசெம்பிள் பண்ணினது, அதுல ஒண்ணும் கிடையாது. காகிதம் யார்கிட்ட இருக்கோ உரிமை அவாளுக்குன்னு நினைச்சேன். சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி."

"அது போகட்டும் சார்" என்றாள் ஜோதி. "காகிதத்தைப் பத்தித் தெரியாம எடுத்தீங்க. என் தம்பி பேரைத் தெரிஞ்சேதானே சொன்னீங்க?"

அவன் நீட்டிய கையேட்டை அவளே வாங்கிக்கொண்டாள்.

"அந்த விண்டோஸை அழிச்சிடு" என்றார் சுவாமிநாதன். "தனிப் பெட்டியா வாங்கிப் போட்டுண்டு அப்புறமா கடையைத் திற. உங்க அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லு. என்னால முடியாது."

11.00.

மாணிக்கவாசகம் வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றினார். மூன்று திரை, மூன்று கையேடு. எண்களை ஒப்பிட்டு டிக் போட்டுக்கொண்டே வந்தவர் மூன்றாவது கையேட்டில் நின்றார்.

"இது என்னம்மா கறை?"

"பூஜைச் சந்தனம் சார்."

அவர் சிரித்தார். "எங்க வீட்டு டி.வி. ரிமோட்லயும் இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் சுவாமிநாதன் மேசை இழுப்பறையிலிருந்து ஜோதியின் சாவியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"பத்து பேர் எதிர்ல என் தம்பி பேரைச் சொல்லித்தான் சாவியை வாங்கினீங்க சார்."

அவருக்குப் புரிந்தது. மாணவர்கள் பக்கம் திரும்பினார். டைப்ரைட்டர்களின் சத்தத்துக்கு மேல் முப்பது வருஷம் பேசிப் பழகிய தொண்டை. அன்று மெல்லத்தான் வந்தது.

"ஜோதியோட தம்பி புகழேந்தி மேல நான் சொன்னது தப்பு. இந்தப் பொண்ணு மேல சந்தேகப்பட்டதும் தப்பு. எல்லாரும் கேட்டுக்கோங்கோ."

பிறகுதான் அவள் கை நீட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கிண்ணத்தில் புதிதாகச் சந்தனம் குழைத்து, மூன்றாவது கையேட்டின் கறை மேலேயே ஒரு பொட்டு வைத்தாள். பிறகு ஹாஜிரா பீயைப் பார்த்து, "அக்கா, உங்க கிளாஸ் டைம் ஆயிடுச்சி, உக்காருங்க" என்றாள்.

"எஸ் மிஸ்" என்று அவரும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

அந்த மெஷின்கள் இப்போது எந்தப் பரணில் இருக்கின்றனவோ தெரியாது. குளிர்ந்த அறையில் சாமந்தியும் கற்பூரமும் சூடான மானிட்டரும் கலந்த அந்த வாசனை மட்டும், ஒவ்வொரு விஜயதசமிக்கும் எங்கிருந்தோ வருகிறது.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், கண்ணுங்களா. உங்கள் வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கட்டும். உங்கள் வாசலில் வேலைக்கு வருகிறவர்கள் யாரும் செய்யாத தப்புக்குத் தலைகுனியாமல் இருக்கட்டும். தப்பாக ஒரு சொல் விழுந்துவிட்டால், அதைப் பத்து பேர் எதிரில் திரும்ப எடுத்துக்கொள்கிற மனசும் உங்கள் வீட்டில் நிறைந்திருக்கட்டும்.